யோக்கிச் உட்காரும் அந்தப் பன்னிரண்டு நிமிடங்கள்: டென்வர் நக்கெட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

2025 ஜூன் 27

ஜாஷ் க்ரோங்கி, பென் டென்சர், ஜான் வாலஸ் ஆகியோருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை மாலை நியூயார்க் நேரம் 6 மணிக்கு, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஃப்ரீ ஏஜென்சி திறக்கிறது, அதாவது ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களோடு எந்த அணியும் பேசலாம். தமிழ்நாட்டில் எங்களுக்கு அப்போது செவ்வாய்க்கிழமை அதிகாலை 3.30 மணி. டென்சர், வாலஸ், நீங்கள் இருவரும் அணி நிர்வாகப் பொறுப்பேற்ற செய்தி வந்து சில நாள்தான் ஆகிறது. அதற்குள் ஆயிரம் பேர் ஆயிரம் யோசனை சொல்லியிருப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். நம் நட்சத்திரம் நிகோலா யோக்கிச் பெஞ்சில் உட்காரும் நேரத்துக்கு ஆள் எடுங்கள்.

ஒரு ஆட்டம் 48 நிமிடம். கடந்த சீசனில் யோக்கிச் சராசரியாக 36 நிமிடத்துக்கு மேல் ஆடினார். மிச்சம் கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம். அவர் களத்தில் இருக்கும்போது நாம் உலகத்தின் எந்த அணியையும் அடிக்கிற அணி. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் சேர்த்த முன்னிலை எல்லாம் கரைய ஆரம்பித்துவிடும். பயிற்சியாளரும் அவரை நேரத்துக்கு முன்னாலேயே எழுப்பி அனுப்புவார். சில சீசன்களாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 2 காலையை நான் மறக்கவே மாட்டேன். உங்களுக்கு அது ஏப்ரல் 1 இரவு, டென்வரில் மின்னசோட்டாவுடன் ஆட்டம். நம் இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் மர்ரி அன்று இல்லை. வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓவர்டைம் போய் இரண்டாவது ஓவர்டைமும் வந்தது. யோக்கிச் 61 புள்ளி, 10 ரீபவுண்ட் (தவறிய வீச்சைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (புள்ளியில் முடியும் பாஸ்) எடுத்தார். ஏறக்குறைய 53 நிமிடம் ஆடினார். கடைசியில் 140-139 என்று தோற்றோம். கடைசி நொடிகளில் நம் வெஸ்ட்புரூக் ஒரு லேஅப்பை (வளையத்துக்குப் பக்கத்திலிருந்து போடும் எளிய வீச்சு) தவறவிட்டதையும், உடனே எதிர்ப்பக்கம் ஒரு மூன்று புள்ளி வீச்சில் ஃபவுல் செய்ததையும் வைத்து ஊரே அவரைத் திட்டியது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசி நொடித் தப்பு யாருக்கும் நடக்கும். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில் 53 நிமிடம் ஓட வேண்டிய நிலைக்கு ஏன் வந்தார் என்றுதான் அன்று கேட்டிருக்க வேண்டும். அவரை ஐந்து நிமிடம் உட்கார வைக்க நம்மிடம் ஆள் இல்லை.

இதை அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மே 18 அன்று ஓக்லஹோமா சிட்டியில் பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை 125-93 என்று தோற்ற பிறகு, நீளமான பெஞ்ச் உள்ள அணிகள்தான் ஜெயிக்கின்றன என்று இந்தியானா, ஓக்லஹோமா, மின்னசோட்டா மூன்றையும் பெயர் சொல்லிச் சொன்னார். யாரையும் குறை சொல்லிப் பேசுகிற மனிதர் இல்லை அவர். அப்படிப்பட்டவர் இவ்வளவு சொல்கிறார் என்றால் அதைக் காதில் வாங்கத்தான் வேண்டும். அன்று நம் ஆரன் கார்டன் தொடைத்தசை கிழிந்த நிலையில் ஆடினார். நம் போர்ட்டர் தோள்பட்டைக் காயத்தோடு தொடர் முழுக்க ஆடினார். எதிர்ப்பக்கம் யோக்கிச்சைக் காவல் காத்தவர் யார்? பெஞ்சிலிருந்து வந்த அலெக்ஸ் கரூசோ. யோக்கிச்சைவிட அரையடி குள்ளமான கார்டு. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாருமே எடுக்காதவர்.

அடுத்து இறுதிச்சுற்று. மூன்றாவது ஆட்டத்தில் இந்தியானாவின் பெஞ்ச் 49 புள்ளி எடுத்தது, ஓக்லஹோமாவின் பெஞ்ச் 18. மாத்துரின் மட்டும் 27. மெக்கானல் 15 நிமிடத்துக்குள் 10 புள்ளி, 5 அசிஸ்ட், 5 ஸ்டீல். எதிரணி கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடும்போது குறுக்கே பாய்ந்து பிடுங்குவாரே, அந்த மனிதரும் டிராஃப்ட் ஆகாதவர்தான். இவர்களெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ தேடி எடுத்தார்கள், என்ன வேலை என்று சொல்லி ஆட வைத்தார்கள்.

பெஞ்சைப் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் உண்டு. கல்லூரி அணியில் நான் பெஞ்சில்தான் இருந்தேன். கோடை விடுமுறையில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சிமெண்ட் தரையில் நடக்கும் டோர்னமெண்டுகள். முதல் வருடம் இருந்த பயிற்சியாளர் ஆட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். "ரெண்டாவது குவார்ட்டர் ஆரம்பிச்சதும் நீ போற. அவங்க ஒன்பதாம் நம்பர் பின்னாடியே ஓடு. வேற எதுவும் செய்யாதே." அவ்வளவுதான். முதல் குவார்ட்டர் முழுக்க நான் அந்த ஒன்பதாம் நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் கையில் பந்து தட்டுகிறான், எப்போது மூச்சு வாங்குகிறான் என்று. ஷூ கயிற்றை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டுவேன். உள்ளே போகும்போது கால் சூடாக இருக்கும். அடுத்த வருடம் வேறொருவர் வந்தார். யாராவது சோர்ந்தால் திரும்பிப் பார்ப்பார், கண்ணில் பட்டவனை அனுப்புவார். யார் போவது, எதற்குப் போவது என்று யாருக்கும் தெரியாது. அதே பையன்கள்தான், அதே திறமைதான். ஆனால் உள்ளே போனதும் பந்தைக் கையில் வாங்கவே பயந்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2023இல் டென்வர் பெஞ்சைப் பார்த்தபோது எனக்கு முதல் பயிற்சியாளர் ஞாபகம் வந்தது. மயாமியில் நான்காவது இறுதி ஆட்டம். நான்காவது குவார்ட்டரில் யோக்கிச் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தார். அப்போது முன்னிலை 10 புள்ளி. இன்னும் ஒரு ஃபவுல் என்றால் ஆட்டத்தை விட்டே போக வேண்டும். சுமார் ஐந்து நிமிடம் அவர் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோதும் கிட்டத்தட்ட அதே முன்னிலை. பெஞ்சிலிருந்து வந்த புரூஸ் பிரவுன் அன்று 21 புள்ளி எடுத்தார், அதில் 11 நான்காவது குவார்ட்டரில். அதற்கு முந்தைய ஆட்டத்தில் கிறிஸ்டியன் என்ற முதல் வருடப் பையன் 8 வீச்சில் 7 போட்டு 15 புள்ளி. (இவர் குடும்பப் பெயரும் உச்சரிப்பில் பிரவுன்தான், அதனால் இந்த மடலில் முதல் பெயராலேயே சொல்கிறேன்.) ஜெஃப் கிரீன் என்ற மூத்தவர் மூன்றாவது ஆள். இந்த மூன்று பேர்தான் பெஞ்ச். மூன்று பேருக்கும் தன் வேலை என்ன என்று தெரிந்திருந்தது. என்.பி.ஏ.வில் சேர்ந்து 47 சீசன் கழித்து முதல் கோப்பை வந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோடையிலும் அதே குழியில் விழ வாய்ப்பிருக்கிறது. 2022இல் புரூஸை ஆண்டுக்கு சுமார் 65 லட்சம் டாலருக்கு எடுத்தீர்கள். இரண்டு வருட ஒப்பந்தம், ஆனால் இரண்டாவது வருடம் அவர் விருப்பம். முதல் வருடமே கோப்பை வாங்கியதும் அவர் வெளியே வந்தார். ஒரே சீசன் ஆடிய ஆட்டக்காரருக்குச் சம்பளத்தை 20 சதவீதம்தான் கூட்டித் தர முடியும் என்பது விதி. நம்மால் தர முடிந்தது 78 லட்சம். இந்தியானா தந்தது இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி. யார்தான் போக மாட்டார்கள்? கிரீன் ஹூஸ்டனுக்குப் போனார். அடுத்த கோடையில் கால்ட்வெல்-போப் மூன்று வருடம் 6.6 கோடிக்கு ஆர்லாண்டோ போனார். அவர் இடத்துக்குக் கிறிஸ்டியன் முதல் ஐவரில் ஏறினார், நன்றாகவும் ஆடினார். ஆனால் பெஞ்சில் அவர் விட்டுப்போன இடம் காலியாகவே கிடந்தது. 2024இல் மின்னசோட்டாவுடன் சொந்த மண்ணில் ஏழாவது ஆட்டம். மூன்றாவது குவார்ட்டரில் 20 புள்ளி முன்னிலை. 98-90 என்று தோற்றோம். அன்று நாம் எடுத்த 90இல் 69 யோக்கிச்சும் மர்ரியும் எடுத்தவை.

போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. பொது மேலாளர் பூத் இளைஞர்களை வளர்க்க நினைத்தார், பயிற்சியாளர் மலோன் அனுபவசாலிகளை நம்பினார் என்று இரு பக்கமும் பேசிப் பேசி நாங்கள் ஓய்ந்துவிட்டோம். சீசன் முடிய மூன்று ஆட்டம் இருக்கும்போது இருவரையும் வீட்டுக்கு அனுப்பினீர்கள். சரி, அது முடிந்த கதை. அந்த விவாதத்தில் இரு பக்கத்திலும் பாதி உண்மை இருந்தது என்பதை மட்டும் இப்போது மறந்துவிடாதீர்கள். ஓக்லஹோமாவுடன் ஆறாவது ஆட்டத்தை யார் காப்பாற்றினார்? ஜூலியன் ஸ்ட்ராதர். பெஞ்சிலிருந்து வந்து 15 புள்ளி எடுத்தார், தொடர் 3-3 ஆனது. அந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது. இன்னொரு இளைஞர் வாட்சனிடமும் இருக்கிறது. ஆனால் எல்லா நாளும் எங்களைக் காப்பாற்று என்று அவர்கள் தலையில் பாரம் ஏற்றுவது நியாயமில்லை. பக்கத்தில் ஒரு அனுபவசாலி நின்று "இப்ப நிதானமா போ" என்று சொன்னால்தான் இளையவனுக்குக் கை ஓடும்.

மூத்தவர் என்றாலும் போதாது. சென்ற கோடையில் கையிலிருந்த பெரிய வாய்ப்பை, சுமார் 52 லட்சம் டாலரை, டாரியோ சாரிச்சுக்குக் கொடுத்தீர்கள். அவர் சீசன் முழுக்க ஆடியது 16 ஆட்டம். நல்ல ஆட்டக்காரர்தான், பாஸ் கொடுக்கத் தெரிந்தவர். ஆனாலும் அவரை நம்பி அந்த நிமிடங்களைக் கொடுக்க முடியவில்லை. யோக்கிச்சுக்குப் பதிலாக நின்றது பெரும்பாலும் 36 வயது டிஆண்ட்ரே ஜோர்டன். புதிதாக வந்த டாரான் ஹோம்ஸ் முதல் சம்மர் லீகிலேயே (இளையவர்களுக்கான கோடைகாலத் தொடர்) குதிகால் தசைநார் அறுந்து சீசனையே இழந்தது யார் தப்பும் இல்லை. ஆனால் ஒரு காயத்தில் மொத்தத் திட்டமும் சரிந்தது என்றால் திட்டத்தில்தான் கோளாறு.

மாற்று சென்டர் (யோக்கிச்சைப் போல வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. 2020இல் நாம் ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைன் என்ற இளைஞரை எடுத்தோம். யோக்கிச்சின் பின்னால் உட்கார்ந்திருந்தார். சில மாதத்திலேயே, 2021 மார்ச்சில், அவரோடு டிராஃப்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகள் இரண்டையும் சேர்த்து க்ளீவ்லாந்துக்கு அனுப்பி ஜாவேல் மெக்கீயை வாங்கினோம். ஹார்ட்டன்ஸ்டைன் அப்புறம் கிளிப்பர்ஸ், நிக்ஸ் என்று போய், சென்ற கோடையில் மூன்று வருடம் 8.7 கோடிக்கு ஓக்லஹோமாவில் சேர்ந்தார். இந்த மே மாதம் நம்மை எதிர்த்து ஆடி, ஐந்து நாள் முன்பு கோப்பையைத் தூக்கினார். பந்தை வாங்கி, நடுவில் நின்று, ஓடி வருபவனுக்குப் பாஸ் கொடுக்கிற பெரிய ஆள். யோக்கிச் உட்காரும்போது நமக்குத் தேவைப்பட்டது அப்படி ஒருவர்தான். யோக்கிச்சுக்கு இணையானவரைக் கேட்கவில்லை, அப்படி யாரும் கிடையாது. அவர் இல்லாதபோதும் அணி அதே ஆட்டத்தை ஆடும்படி கொஞ்சம் பாஸ் கொடுக்கத் தெரிந்த ஒருவர் போதும். வெறும் டங்க் அடிக்கிற ஆளை நிறுத்தினால் மற்ற நால்வரும் அந்தப் பன்னிரண்டு நிமிடம் வேறொரு ஆட்டம் ஆட வேண்டியிருக்கிறது. ஃப்ரீ ஏஜென்சியில் இப்படிப்பட்டவர் நம் காசுக்குக் கிடைக்கவில்லை என்றால் டிரேடில் (அணிகளுக்கு இடையே ஆட்களை மாற்றிக்கொள்வது) தேடுங்கள், எப்படியாவது ஒருவர் வர வேண்டும்.

காசு இல்லை என்பது எனக்கும் தெரியும். வரும் சீசனுக்கு யோக்கிச், மர்ரி, போர்ட்டர், கார்டன் நால்வர் சம்பளமே 16 கோடி டாலரைத் தாண்டுகிறது. லீகின் சம்பள வரம்பு சுமார் 15.5 கோடிதான். அதற்கும் மேலே, அணியின் மொத்தச் சம்பளத்துக்கு இரண்டாவது ஏப்ரன் என்ற கோடு சுமார் 20.8 கோடியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் கையும் காலும் கட்டப்பட்ட மாதிரி. அதற்குக் கீழே இருந்தால் சம்பளம் கூடியதால் லீகுக்கு வரி கட்டும் அணிகளுக்கான 57 லட்சம் டாலர் வாய்ப்பு ஒன்று இருக்கும், மற்றதெல்லாம் குறைந்தபட்சச் சம்பளம். இந்த வாரம் நடந்த டிராஃப்டிலும் நமக்கு ஒரு தேர்வும் இல்லை. அதற்குக் கீழே உள்ள முதல் ஏப்ரன் கோட்டைத் தாண்டிய அணி, நடு சீசனில் விடுவிக்கப்படும் பெரிய சம்பளக்காரரை எடுக்கவும் முடியாது. அதனால் "பிப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே வேண்டாம். ஜூலை முதல் வாரத்திலேயே இது முடிய வேண்டும்.

ஆனால் நம் கையில் காசைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. யோக்கிச்சோடு ஆடும் வாய்ப்பு. அவரோடு ஆடுபவனுக்குக் காலியான இடத்தில், கைக்கு வாகாகப் பந்து வந்து சேரும். புரூஸ் 65 லட்சத்தில் வந்து 2.2 கோடிக்குப் போனார். இதையே சொல்லி ஆளை அழையுங்கள். பத்து வருடம் ஆடியவர் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தம் போட்டால் அவருக்குச் சுமார் 36 லட்சம் கிடைக்கும். அணியின் கணக்கில் ஏறுவது சுமார் 23 லட்சம்தான், மிச்சத்தை லீக் தருகிறது. தேய்ந்து போகாத, இன்னும் ஒரு நல்ல ஒப்பந்தம் வாங்க வேண்டும் என்ற பசி உள்ள முப்பது வயதுக்காரர்கள் ஒவ்வொரு கோடையும் இரண்டு பேராவது சந்தையில் மிஞ்சுவார்கள். அவர்கள் முதலில் பேச விரும்பும் அணி நாமாக இருக்க வேண்டும்.

யாரை எடுப்பது என்று பார்க்கும்போது முதலில் வீச்சைப் பாருங்கள். கடந்த சீசனில் லீகிலேயே குறைவாக மூன்று புள்ளி வீச்சு எறிந்த அணி நாம். யோக்கிச் இருக்கும்போது அதைச் சமாளிக்கலாம், உள்ளே போய்ப் புள்ளி எடுத்துவிடுவோம். அவர் உட்கார்ந்ததும் எதிரணி ஐந்து பேரும் வளையத்துக்குக் கீழே வந்து நின்றுவிடுகிறார்கள். தயங்காமல் எறியும் ஒருவர் பெஞ்சில் இருந்தால், தவறவிட்டாலும் பரவாயில்லை, ஒரு காவலாளியாவது வெளியே நகர்வார். டிம் ஹார்டவே ஜூனியர் மாதிரி ஒருவர், வெட்கப்படாமல் எறிபவர். வெஸ்ட்புரூக்கின் வேகத்தை நான் மதிக்கிறேன். 75 ஆட்டம் ஆடி சராசரி 13 புள்ளி எடுத்தவரை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் அவரைச் சுற்றி வீச்சாளர்கள் இல்லாமல் அந்த வேகம் சுவரில்தான் மோதியது.

ஒப்பந்தம் எழுதும்போது இன்னொன்றையும் பாருங்கள். நல்ல ஆளுக்கு இரண்டாவது வருடத்தை அவர் விருப்பத்துக்கு விட்டால், அவர் நன்றாக ஆடினால் போய்விடுவார், மோசமாக ஆடினால் நம்மோடு இருப்பார். இரண்டிலும் நமக்குத்தான் நஷ்டம். ஓரிடத்திலேயே இரண்டு சீசன் ஆடினால், மூன்றாவது ஒப்பந்தத்தில் நாம் தரக்கூடிய தொகை கணிசமாகக் கூடும். 57 லட்சத்தைக் கொடுப்பதானால் இரண்டு முழு வருடத்துக்குச் சம்மதிக்கும் ஆளுக்கே கொடுங்கள், அவர் பெயர் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும்.

அப்புறம், டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரம். எங்கள் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். வெளியூர் அணிகள் மூன்றாவது குவார்ட்டரில் மூச்சு வாங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1980களில் நம் பயிற்சியாளர் டக் மோ அந்த உயரத்தை வைத்துத்தான் எதிரிகளை ஓட விட்டார். 2012-13இல் ஜார்ஜ் கார்ல் பயிற்சியில் ஒரு ஆல்-ஸ்டார்கூட இல்லாத அணி 57 ஆட்டம் ஜெயித்தது, சொந்த மண்ணில் 38 வெற்றி, 3 தோல்வி. ஆண்ட்ரே மில்லரும் கோரி ப்ரூவரும் பெஞ்சிலிருந்து வந்து ஓடிய ஓட்டத்தில் எதிரணிகள் நாக்குத் தள்ளின. அந்த அணியிடம் நட்சத்திரம் இல்லை, அதனால் முதல் சுற்றைத் தாண்டவில்லை. இப்போது நம்மிடம் வரலாற்றிலேயே பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் இருக்கிறார், உயரம் அப்படியே இருக்கிறது, ஓடத்தான் ஆள் இல்லை. எட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த உயரத்தில் 41 ஆட்டம் ஆடினால் மூச்சு வாங்குவது நமக்கும்தான்.

வாலஸ், நீங்கள் மின்னசோட்டாவிலிருந்து வருகிறீர்கள். நாஸ் ரீட் என்ற டிராஃப்ட் ஆகாத பையன் அங்கே லீகின் சிறந்த ஆறாவது ஆளாக விருது வாங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். டென்சர், சம்பளக் கணக்கின் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு மனப்பாடம் என்று சொல்கிறார்கள். ஒருவருக்கு ஆளைப் பார்க்கத் தெரியும், மற்றவருக்குக் கணக்குத் தெரியும். இருவரும் ஆட்களை எடுத்துக் கொடுத்த பிறகு பயிற்சியாளர் டேவிட் ஏடல்மனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெஞ்சிலிருந்து வருபவர்களுக்கு நவம்பரிலிருந்தே நிமிடம் நிச்சயமாக இருக்கட்டும். ஜனவரியில் நான்கு ஆட்டம் தோற்றால் தோற்கட்டும், ரசிகர்கள் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். மே மாதத்தில் திடீரென்று எழுப்பி அனுப்பாதீர்கள்.

க்ரோங்கி, உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த உங்களிடம் கேட்பது காசு விஷயம்தான். பெஞ்சில் பத்தாவது ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் வரியாக இன்னும் பல டாலர் போகும் என்பது புரிகிறது. யோக்கிச்சுக்கு வயது 30. கடந்த சீசனில் சராசரியே 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். லீகின் வரலாற்றில் இப்படிச் சீசன் முழுக்க டிரிபிள்-டபுள் (மூன்றிலும் இரட்டை இலக்கம்) சராசரி வைத்தவர்கள் அவரோடு சேர்த்து மூன்றே பேர். இந்த உயரத்தில் அவர் இன்னும் எத்தனை வருடம் நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. வரி கட்டுவதென்றால் அது இந்த வருடங்களில்தான்.

புரூஸ் பிரவுன் இந்தியானாவிலிருந்து டொராண்டோ போய், நியூ ஆர்லியன்ஸ் போய், இப்போது ஒப்பந்தம் முடிந்து நிற்கிறார். வேண்டிய பணத்தைச் சம்பாதித்துவிட்டார். முழங்காலில் காயம் பட்டிருந்தது, பழைய வேகம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் யோக்கிச் எந்தப் பக்கம் திரும்பினால் தான் எந்தப் பக்கம் வெட்டி ஓட வேண்டும் என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து நக்கெட்ஸ் ரசிகன் ஒருவன்